ஸ்ட்ரெட்ச்சிங் செய்தால் காயம் வராதா? எங்கள் கபடித் திடலில் தீராத ஒரு வழக்கு

கேள்வி: கோட்டையூர்க் கபடி ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் இளைஞர் கபடி அணியைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நான் பயிற்சியாளன் அல்லன். பனியன் தைக்கக் கொடுப்பது, வேன் பேசுவது, அடிபட்டவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவையே என் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன வேலை இந்த ஆண்டு அளவுக்கு மீறிப் போய்விட்டதால்தான் இந்தக் கேள்வி.

எங்கள் பையன்கள் மாலை ஐந்தரை மணிக்கு ஊரணிக் கரையை ஒட்டிய செம்மண் திடலில் கூடுவார்கள். வந்ததும் வட்டமாக உட்கார்ந்து, காலை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்து, முப்பது எண்ணும்வரை அப்படியே குனிந்திருப்பார்கள். பிறகு கால்களை அகட்டி, பிறகு ஒற்றைக் காலில் நின்று மறு காலின் குதியைப் பின்னால் இழுத்துப் பிடித்து, இப்படியாகக் கால் மணி நேரம் ஸ்ட்ரெட்ச்சிங் நடக்கும். அது முடிந்த கையோடு கோட்டைத் தாண்டி ரெய்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் மூத்த பயிற்சியாளர் இந்த வழக்கத்துக்கு ஒரு நாளும் விலக்கு அளித்ததில்லை. அப்படியிருந்தும் பொங்கல் போட்டிகளில் தொடங்கி இன்றுவரை இரண்டு பேருக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது, ஒருவனுக்கு முழங்கால் ஜவ்வு போனது, கணுக்கால் சுளுக்குகளை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

உடற்கல்வி படித்து முடித்து அண்மையில் எங்களோடு சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், ஆட்டத்துக்கு முன் இப்படி உட்கார்ந்து இழுப்பதால் காயம் குறையாது என்றும், அந்தக் கால் மணி நேரத்தை வேறு வகையில் செலவிடலாம் என்றும் சொல்கிறார். மூத்தவரோ, இழுக்காமல் இறக்கியிருந்தால் மூன்று பேரோடு நின்றிருக்காது, பாதி அணி படுத்திருக்கும் என்கிறார். அவர் சொல்வதைப் பொய்யென்று காட்டவும் எனக்கு வழியில்லை, மெய்யென்று காட்டவும் வழியில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதே குறைந்துவிட்டது. விவரம் அறிந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: காரைக்குடி இயன்முறை மருத்துவர்

ஐயா, உங்கள் மூத்த பயிற்சியாளரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இழுத்தவர்களையும் இழுக்காதவர்களையும் ஒரே பயிற்சியில், ஒரே காலத்தில், அருகருகே வைத்துப் பார்த்தால் ஒழிய அதற்கு விடை கிடைக்காது. அப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஆஸ்திரேலிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் காலின் ஆறு தசைத்தொகுதிகளைத் தலா 20 வினாடி இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு, இழுத்த 735 பேரிடையே 158 கால் காயங்களும், இழுக்காத 803 பேரிடையே 175 கால் காயங்களும் பதிவாயின. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுமே நூற்றுக்கு இருபத்தொன்றே சொச்சம்தான். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில் யார் அடிபடுவார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது அவர்களுடைய உடல்தகுதி. சேரும்போதே ஓட்டத் தேர்வில் பின்தங்கியவர்கள்தாம் மிகுதியாக அடிபட்டார்கள்.

அது ஒரே ஓர் ஆய்வு என்று சொல்லிவிடலாம். ஆனால் 2014இல் டென்மார்க் ஆய்வாளர்கள், 26,610 பேர் பங்கேற்ற 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீட்சிப் பயிற்சியால் காயம் குறைந்ததாகக் காண முடியவில்லை. வலுப்பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருந்தது. எனவே உங்கள் இளைய பயிற்சியாளரின் பக்கம்தான் சான்று இருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன். அதை அவர் மூத்தவரிடம் எந்தக் குரலில் சொன்னார் என்பது வேறு வழக்கு.

ஏன் இப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பையன்கள் நம்பமாட்டார்கள். தசை நீளம் போதாமல்தான் கிழிகிறது என்பது நம் எல்லோருடைய மனத்திலும் பதிந்துபோன எண்ணம். பழைய ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டு தசையைப் பற்றிப் பேசுகிறோம். உண்மையில் வேகமாக ஓடும்போது, முன்னே வீசிய காலைத் தரையில் ஊன்றுவதற்குச் சற்று முன்னால், தொடையின் பின்தசை நீண்டுகொண்டே இருக்கும்போதே காலின் வேகத்துக்குத் தடைபோடவும் வேண்டியிருக்கிறது. கிணற்றில் கயிறு விட்டு வாளியை இறக்கும்போது கை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறதல்லவா, அதைப் போல. பெரும்பாலான கிழிவுகள் அந்தக் கணத்தில்தான் நிகழ்கின்றன, தசை தன் முழு நீட்டத்தை எட்டும் முன்பே. ஆகவே அங்கே குறையாக இருப்பது நீளம் அன்று, நீண்ட நிலையில் பாரம் தாங்கும் வலு. உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடிப்பதால் அந்த வலு வருவதில்லை.

முழங்கால் ஜவ்வின் கதை இன்னும் தெளிவானது. ரெய்டு போனவனின் கணுக்காலை மூலையில் நிற்பவன் பிடித்துக்கொள்ள, இவன் உடம்பைத் திருப்பிக் கோட்டை நோக்கித் தாவுகிறான். பாதம் மண்ணில் பதிந்திருக்க, முட்டி மட்டும் உள்நோக்கி மடிந்து சுழல்கிறது. அந்த ஒரு நொடியில் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஜவ்வின் மீது பாரம் முழுவதும் விழுகிறது. தொடைத் தசையை எத்தனை நிமிடம் இழுத்திருந்தாலும் அந்த ஜவ்வுக்கு அதனால் யாதொரு காப்பும் இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் இது என் அறைக்கு வருபவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. ஆட்டத்தின் நடுவே கெண்டைக்கால் உருண்டு கல்லாக இறுகினால் அது பிடிப்பு. மெதுவாக நீட்டிப் பிடித்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். ஆனால் ஓடுகிறவன் யாரோ பின்னாலிருந்து அடித்ததைப் போல உணர்ந்து சட்டென்று நின்றால், அது பெரும்பாலும் கிழிவு. இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே பெயர் சொல்லி, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து காலைத் தூக்கி இழுக்கிறார்கள். அதன் பிறகு எண்ணெய் போட்டு அழுத்தி வழிக்கிறார்கள். கிழிந்த தசையை முதல் சில நாள்களுக்கு இழுக்கவும் கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது. ஓரிரு நாள் கழித்துத் தொடைக்குக் கீழே நீலம் பாரித்தால், அன்று இழுத்தது எதை என்பது புரியும்.

பதில்: தேவகோட்டைச் சிலம்பக் கூடம்

மருத்துவர் சொன்னவற்றில் கபடிக்குப் பொருந்துவதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் நீட்சிப் பயிற்சியே வீண் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்பது என் கவலை. சிலம்பத்தில் தாழ்ந்து அமர்ந்து கம்பைச் சுழற்றி, அதே நிலையிலிருந்து பின்காலை அகட்டிப் பெயர வேண்டும். இடுப்பு திறக்காத பிள்ளைக்கு அந்த அடிவரிசை வராது; வராததை வற்புறுத்திச் செய்தால் முதுகில் போய் வலி நிற்கும். எங்கள் கூடத்தில் ஆறு மாதம் பொறுமையாக இழுத்துப் பழகியவர்கள்தாம் பிறகு தாழ்ந்து ஆட முடிகிறது.

அதோடு, இழுத்துவிட்டு ஆடினால் வலு குறைந்துவிடும் என்று இப்போதெல்லாம் இளைஞர்கள் பயமுறுத்துகிறார்கள். என் மாணவர்களில் யாரும் அப்படித் தளர்ந்துபோய் நான் பார்த்ததில்லை. இதற்கும் மருத்துவர் விடை சொல்ல வேண்டும்.

பதில்: கானாடுகாத்தான் ஓட்டக்காரி

சான்று முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லப்பட்டதால் ஒரு திருத்தம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நார்வேயிலும் ஆஸ்திரேலியாவிலும் இணையம் வழியாகச் சேர்க்கப்பட்ட 2,377 பேரில் ஒரு பிரிவினர் உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஏழு தசைத்தொகுதிகளைத் தலா 30 வினாடி இழுத்தார்கள். மொத்தக் காயங்கள் என்று பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது சரியே. ஆனால் தசை, தசைநாண், ஜவ்வு ஆகியவற்றின் காயங்களை மட்டும் தனியே எண்ணியபோது, இழுத்தவர்களுக்கு அவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. உடம்பு வலியும் ஓரளவு குறைவு. பங்கேற்றவர்கள் தாங்களே எழுதித் தந்த விவரம் அது, யார் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், ஆகவே அதை அப்படியே நம்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும், அறவே பயனில்லை என்ற தீர்ப்புக்கு முன்னால் அந்த எண்ணையும் எடை போட வேண்டும்.

என் சொந்த வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் செட்டிநாடு இரயில் நிலையச் சாலையில் ஓடிவிட்டு வந்து, எங்கள் வீட்டு வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரையில் குதிகாலை ஊன்றி இரண்டு நிமிடம் கெண்டைக்காலை நீட்டுவேன். அது காயத்தைத் தடுக்கிறதோ இல்லையோ, சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகவே செய்கிறேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பதில்: காரைக்குடி இயன்முறை மருத்துவர்

ஓட்டக்காரி அவர்கள் காட்டிய ஆய்வு எனக்கும் தெரியும்; அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. அதிலும்கூடக் கிடைக்கும் ஆதாயம் சிறியது, வலுப்பயிற்சியால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, என்ற அளவில் என் கருத்து மாறவில்லை.

சிலம்ப ஆசான் சொல்வது முற்றிலும் சரி. ஆட்டமே அகன்ற அசைவைக் கேட்கும்போது, அந்த அசைவை உடம்புக்குப் பழக்கித்தான் ஆக வேண்டும். பரதம், ஜிம்னாஸ்டிக்ஸ், சிலம்பம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதற்கான நீட்சிப் பயிற்சியை ஆட்டத்துக்கு முந்திய கால் மணியில் திணிக்காமல், தனி நேரத்தில், வாரக்கணக்கில் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். வலு குறைவதைப் பற்றிய பேச்சு பாதி உண்மை. ஒரே தசையை ஒரு நிமிடமும் அதற்கு மேலும் அசையாமல் இழுத்துவிட்டு உடனே சோதித்தால் வலுவிலும் வேகத்திலும் சராசரியாக நூற்றுக்கு நான்கு, ஐந்து அளவு குறைகிறது. ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தினால் நூற்றுக்கு ஒன்றுதான் குறைகிறது, அதன் பிறகு ஓடியாடிவிட்டால் அதுவும் தெரியாது. ஆசானின் மாணவர்கள் தளரவில்லை என்பதில் வியப்பு இல்லை.

பதில்: கோட்டையூர்க் கபடி ரசிகன்

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. நண்பர்கள் காலைத் தூக்கி இழுத்ததைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சிங்கம்புணரிப் பக்கம் ஓர் ஆட்டத்தில் எங்கள் முதல் ரெய்டர் பாதிக் கோட்டில் நின்று தொடையைப் பிடித்தபோது, அவன் காலைத் தோளில் வைத்து நிமிர்த்தியவர்களில் நானும் ஒருவன். அவன் கத்தக் கத்த, பிடிப்பு விடப்போகிறது என்று இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். மூன்று நாள் கழித்து முட்டிக்குப் பின்புறம் வரை கத்தரிப்பூ நிறத்தில் இறங்கியிருந்தது. இன்றைக்கும் அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அவனிடம் சொல்லவில்லை.

இரண்டு சந்தேகங்கள். சித்திரை வெயிலில் எங்கள் திடலின் மண்ணில் வெறுங்கால் வைக்க முடியாது. இந்த ஊரில் வார்ம் அப் என்று தனியாக ஒன்று தேவையா, உடம்பு தானே சூடாக இருக்காதா? மற்றொன்று, மூத்தவரின் கால் மணி நேரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? எங்களிடம் தரையில் போடும் விரிப்பும் இல்லை, கருவியும் இல்லை.

பதில்: காரைக்குடி இயன்முறை மருத்துவர்

தோல் சூடாவதும் தசை சூடாவதும் ஒன்றல்ல, ஐயா. வெயிலில் நிற்கிறவனின் தோல் கொதிக்கலாம். தொடையின் உள்ளே இரத்த ஓட்டம் கூடுவதும், நரம்பும் தசையும் வேகமான அசைவுக்கு ஆயத்தமாவதும் அவன் அசைந்தால்தான் நடக்கும். கோடையில் வார்ம் அப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், நிழலில் செய்யலாம், தண்ணீர் குடித்துவிட்டுச் செய்யலாம், விட்டுவிட முடியாது.

கால் மணி நேரத்துக்கு வருகிறேன். கால்பந்தில் இதற்கென்றே ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள், பிஃபா 11+ என்று பெயர். மெல்லோட்டம், வலு, ஒற்றைக்கால் சமநிலை, தாவித் தரையிறங்குதல் என்று சுமார் 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம், உட்கார்ந்து இழுப்பது அதில் கிடையாது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண்களிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். செய்தவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. கபடிக்கு அதை அப்படியே எடுக்க முடியாது, பந்து இல்லை, பிடி உண்டு. ஆனால் எலும்புக்கூடு அதுவே. முதலில் திடலைச் சுற்றி மெல்லோட்டம், பக்கவாட்டில் ஓட்டம், பின்னோக்கி ஓட்டம். ரெய்டர் பாதி நேரம் பின்னோக்கித்தான் பெயர்கிறான், அதை ஏன் யாரும் பயிற்சியில் வைப்பதில்லை என்று எனக்கு எப்போதும் வியப்பு. பிறகு ஒற்றைக்காலில் நின்று தோழன் தோளைத் தள்ளும்போது விழாமல் நிற்பது. பிறகு குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று ஒருவர் எதிரில் நின்று பார்ப்பது. இந்தக் கடைசி வேலையை உங்கள் மூத்த பயிற்சியாளரிடம் கொடுங்கள். இருபது ஆண்டுப் பார்வைக்குத் தப்பும் முட்டி இருக்காது.

தொடைப் பின்தசைக்கு நார்டிக் என்றொரு பயிற்சி உண்டு. முட்டி போட்டு நிமிர்ந்து நிற்க, பின்னால் ஒருவர் இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடுப்பை மடக்காமல், முதுகை நேராக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொண்டு, கையால் தள்ளி எழுந்துவிடலாம். நான் முன்பு சொன்ன, நீண்டபடியே பாரம் தாங்கும் வேலை இதுதான். டென்மார்க்கில் 50 அணிகளின் 942 கால்பந்து வீரர்களிடம் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவில், இதைச் செய்த அணிகளில் 15 பின்தசைக் காயங்கள், செய்யாத அணிகளில் 52. ஒருமுறை கிழிந்தவனுக்கு மறுபடியும் கிழிவது இன்னும் கூடுதலாகக் குறைந்தது.

ஆனால் முதல் நாளே ஆர்வத்தில் முப்பது முறை செய்துவிட்டால் மறுநாள் ஒருவனும் படியேற மாட்டான். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு ஆறாக இரண்டு சுற்று. மூன்றாம் வாரம் முதல் மூன்று நாள், மூன்று சுற்று, எண்ணிக்கையை மெல்லக் கூட்டலாம். பத்து வாரம் கழித்து வாரம் ஒரு நாள் போதும். ஆட்டத்துக்கு முன்னால் வேண்டாம், பயிற்சி முடிவில் வையுங்கள். செம்மண்ணில் சரளை இருக்கும். முட்டிக்கு அடியில் அரிசிச் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். தொடை கிழிந்த இரு பையன்களையும் நேரில் ஒருவரிடம் காட்டாமல் இதில் இறக்க வேண்டாம்.

பதில்: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன்

முப்பது ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் ஊதல் ஊதியவன் நான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குனியச் சொன்னேன், எண்ணினேன், நிமிரச் சொன்னேன். எங்களுக்குக் கற்பித்தவர்கள் அதைத்தான் கற்பித்தார்கள். மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு என் மனத்தில் ஓடியது வேறொன்று: எனக்கு முந்திய தலைமுறையில் தண்டாலும் பஸ்கியும் எடுக்காமல் யாரும் ஆடுகளத்தில் இறங்கியதில்லை. அதைப் பழைய சமாச்சாரம் என்று நிறுத்தியது எங்கள் தலைமுறைதான். அன்று பஸ்கி நூறு எடுத்ததைத்தான் இன்றைக்கு வலுப்பயிற்சி என்கிறார்கள்.

கோட்டையூர் அன்பருக்கு ஒரு சொல். உங்கள் மூத்தவரிடம் ஸ்ட்ரெட்ச்சிங் தப்பு என்று தொடங்காதீர்கள். பஸ்கியைத் திரும்பக் கொண்டுவரலாமா ஐயா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

நான் விளையாட்டுக்காரி அல்லள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவள், பதினோராவது ஆண்டு. ஒவ்வொரு முறையும் நத்தம் தாண்டும்போது கெண்டைக்கால் இறுகி, திண்டுக்கல்லில் குதிகால் வலி பிடித்துக்கொள்ளும். இரவில் தங்குமிடத்தில் எல்லோரும் சுவரைத் தள்ளிக்கொண்டு காலை நீட்டுகிறார்கள். அதில் பயன் உண்டா என்று மருத்துவர் சொன்னால் நல்லது.

பதில்: காரைக்குடி இயன்முறை மருத்துவர்

ஆச்சி, சுவரைத் தள்ளுவதால் கெடுதல் இல்லை, மனத்துக்கும் இதமாக இருக்கும். ஆனால் மறுநாள் வலியை அது குறைக்கும் அளவு மிகவும் சொற்பம். நூறு புள்ளி வலியில் ஒன்று முதல் நான்கு புள்ளி வரை குறைந்ததாகத்தான் தொகுப்பாய்வு காட்டுகிறது. உங்கள் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஆண்டு முழுவதும் வீட்டுக்கும் கோவிலுக்குமாக நடந்த கால், ஒரே வாரத்தில் நாள்தோறும் பல மணி நேரம், அதுவும் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கிறது. கார்த்திகை மாதமே தொடங்கி, வாரத்துக்கு வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடந்து வந்தீர்கள் என்றால் நத்தம் தாண்டினாலும் எளிதில் இறுகாது. அதோடு, திண்ணைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள்; பத்தில் தொடங்கலாம்.

குதிகால் வலி மட்டும் விதிவிலக்கு. வந்துவிட்ட குதிகால் வலிக்கு நீட்சி உண்மையிலேயே உதவும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பு, வலிக்கும் காலை மறு தொடையின் மீது தூக்கி வைத்து, கால்விரல்களைக் கையால் பிடித்து முன்னங்காலை நோக்கி வளைத்து, உள்ளங்காலில் நரம்பு போல ஒன்று விறைப்பதை மறு கையால் தொட்டுப் பாருங்கள். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை. அதன் பிறகு முதல் அடியை வையுங்கள்.